இரண்டு கிராம் கூடுதல்

கோரிப்பாளையத்தில் பல்செட் செய்யும் லேப்பில்
பகலெல்லாம் பிறர் கடிப்பதற்கு உழைக்கிறேன்.
ஆறரைக்கு மேல்
அதே தராசு, அதே அரம்,
பால்சா மரத்துக்கு.

ஒரே அளவில் நறுக்கிய இரண்டு பலகைகள்:
ஒன்று ஆறு கிராம், ஒன்று ஒன்பது.
கனத்தது உடம்புக்கு, லேசானது வாலுக்கு.
வாலில் ஒரு கிராம் ஏறினால்
மூக்கு மூன்று கிராம் ஈயம் கேட்கும்,
மீட்டர் வட்டி மாதிரி.

முதலில் வைத்திருந்தது பழகு விமானம்.
இரண்டு இறக்கையும் லேசாக மேலே தூக்கியிருக்கும்.
காற்று தள்ளினால் அசடு வழிந்துகொண்டு
தானாக நிமிரும்.
கையை எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.
இரண்டு வருடத்தில் அந்த நல்ல குணம்
எனக்கு அலுத்துப்போனது.

இதற்குக் கோடு போட்ட அன்றே முடிவு செய்தேன்.
இறக்கையின் மேல்வளைவும் கீழ்வளைவும் ஒன்றே.
நுனியிலிருந்து நுனிவரை ஒரே நேர்கோடு.
மோட்டார், இறக்கை, வால்
மூன்றுக்கும் நடுவே கோணம் பூஜ்யம்.
எது வானம் எது தரை என்று
இதற்குச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.
சாய்த்தால் சாய்ந்தே இருக்கும்,
கவிழ்த்தால் கவிழ்ந்தே போகும்.
நிமிர்ந்துகொள்ளும் ஆசையைக்
காகிதத்திலேயே ரப்பரால் அழித்தேன்.

பதினெட்டு விலா.
பதினேழாவதை அறுக்கையில் கரண்ட் போயிற்று,
போனை வாயில் கவ்விக்கொண்டு முடித்தேன்.
சூப்பர் க்ளூ காய்ந்து காய்ந்து
விரலில் ரேகை தேய்ந்து
ரேஷன் கடை இயந்திரம் மூன்று முறை
நீ நீயில்லை என்றது.

இஸ்திரிப் பெட்டியால் இழுத்து ஒட்டிய படலம்
மேலே மஞ்சள், அடியில் கறுப்புக் கட்டம்.
அதற்குத் தெரிய வேண்டாம்.
கீழே நிற்கும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிறு விடிய, ஒத்தக்கடை தாண்டி
வற்றிய கண்மாய்.
ஆட்டோவின் பின் இருக்கை முழுக்க இறக்கை,
நான் ராசாங்கத்தோடு முன்னால் பாதி இருக்கையில்.
"மெதுவா, மேடு" என்றேன்.
"பிரசவத்துக்கே ஒன்னைய இம்புட்டு மெதுவாக் கொண்டுபோகல."

ஏறியது.
யானைமலை முதுகுக்கு இணையாக ஒரு உருளல்,
தும்பிக்கைப் பக்கம் ஒரு வட்டம்,
நுழைந்த உயரத்திலேயே வெளியேறியது.
எனக்குத் தொண்டை அடைத்தது.
பிறகு கவிழ்த்தேன்.

கண்மாயில் கிரிக்கெட் ஆடிய பையன்கள்
மட்டையைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள்:
"அக்கா, கவுந்துருச்சு! கவுந்துருச்சு!"
"கவுத்திருக்கேன்டா."

கறுப்புக் கட்டம் மேலே, மஞ்சள் கீழே.
எட்டு விநாடி இருக்கும்.
மூக்கு மெல்ல இறங்கியது.
கவிழ்ந்திருக்கையில் ஏற வேண்டுமென்றால்
குச்சியை முன்னால் தள்ள வேண்டும்.
நாலு மாதம் கம்ப்யூட்டரில் பழகிய கட்டைவிரல் இது.
ஆனால் பயத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
தன்பக்கம் இழுப்பது.

இழுத்தேன்.
சொன்னதைச் செய்தது.
அப்படித்தானே வரைந்திருந்தேன்.

பையன்கள் ஆளுக்கொரு துண்டாகப் பொறுக்கி வந்தார்கள்.
ஒருவன் மட்டும் கேட்டான்:
"இதுவும் நீங்க செஞ்சதாக்கா?"

திங்கள் காலை, லேப் திறக்குமுன்
துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டினேன்.
பறக்கும்போது ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒரு சக்கரம் கிடைக்கவில்லை,
ஆனாலும் இரண்டு கிராம் கூடுதல்.
கண்மாய் மண்.

பத்து மணிக்கு வேலை வந்தது,
யாரோ ஒரு வாத்தியாருக்கு மேல்வரிசை.
அச்சைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன்.
மேல்வரிசையைக் கவிழ்த்துத்தான் செய்ய வேண்டும்.
பதினோரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்,
ஒருநாளும் கை குழம்பாமல்.